ஸ்வீட்டிக்காகக் கை தூக்கிய நம்பிராஜன்

ஒரு நாய் உட்கார்ந்ததற்காக ஒரு தொழிற்சாலை மொத்தமும் வெளியே ஓடிவந்து வெயிலில் நின்றது. நான் கேள்விப்பட்டதைச் சொல்லவில்லை. அன்று இரண்டாம் கேட்டில், வேலைக்கு வரும் பெண்களைச் சோதித்து உள்ளே அனுப்புகிற இடத்தில் நானேதான் நின்றிருந்தேன். என் பெயர் பூர்ணிமா, ஊர் சேரப்பணஞ்சேரி, ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி. கதை சொல்லும்போது யாராவது குறுக்கே பேசினால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வியெல்லாம் கடைசியில் கேளுங்கள்.

கதை நம்பிராஜனுடையது, அவனுடைய நாய் ஸ்வீட்டியுடையது. வெடிகுண்டை மோப்பம் பிடிக்கிற நாய்க்கு ஸ்வீட்டி என்று பெயர் வைத்த மகராசன் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சந்தன நிற லாப்ரடார். ஆளைப் பார்த்தால் வாலை ஆட்டுவாள், சோற்றைப் பார்த்தால் மொத்த உடம்பையும் ஆட்டுவாள்.

நம்பிராஜனுக்கு ஊர் திருக்குறுங்குடிப் பக்கம். ஐடிஐ முடித்துவிட்டு இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனிக்கு அப்ரெண்டிஸாக வந்தவன். பயிற்சிக் காலம் முடிந்ததும் கைகுலுக்கி அனுப்பிவிட்டார்கள். ஊருக்குத் திரும்பிப் போக வெட்கப்பட்டுக்கொண்டு எங்கள் செக்யூரிட்டி ஏஜென்ஸியில் சேர்ந்தான். அப்போது அவன் தங்கியிருந்த அறையில் பதினோரு பேர். ஒருவன் ஷிஃப்டுக்குக் கிளம்பினால்தான் இன்னொருவன் படுக்க முடியும். பாயில் முந்தினவனின் சூடு ஆறியிருக்காது. அந்தச் சமயத்தில்தான் ஏஜென்ஸியில், நாய் வளர்த்த அனுபவம் யாருக்காவது உண்டா, நாயோடு இருக்கிறவனுக்குத் தனி அறை, ஃபேன் உண்டு என்று கேட்டிருக்கிறார்கள். ஃபேன் என்ற சொல் காதில் விழுந்ததுமே இவன் முன்னால் போய் நின்றுவிட்டான்.

"நெசமாவே முன்னாடி நாய் வளத்துகீறியாபா?" என்று பிறகு ஒருநாள் கேட்டேன்.

"பூனை வளத்திருக்கோம்க்கா. அம்மை வளத்தா, நான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றான்.

ஓசூருக்கு அப்பால் நாய்களைப் பழக்குகிற ஒரு கென்னலில் பயிற்சி கொடுத்தார்கள். முதல் நாளே ஸ்வீட்டி அவனுடைய செருப்பைத் தின்றுவிட்டாள். முதல் வாரம் அவள் கிட்டே வந்தால் இவன் ஒரு அடி பின்னால் போவானாம். அதற்கப்புறம் என்ன நடந்தது என்று அவனுக்கே சொல்லத் தெரியவில்லை. எங்கள் கேட்டுக்கு இருவரும் வந்து சேர்ந்தபோது, அவன் டீ குடிக்கப் போனால் திரும்பி வரும்வரை அவள் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருப்பாள். இந்த ஊருக்கு வந்து இத்தனை வருஷத்தில் தனக்காக ஒரு ஜீவன் காத்துக்கொண்டிருந்தது இதுதான் முதல் தடவை என்று என்னிடம் ஒருமுறை சொன்னான். சொல்லிவிட்டுக் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்துத் திரும்பக் கட்டினான்.

வேலை எப்படி என்றால், உள்ளே வரும் வண்டியை அவள் ஒரு சுற்று மோந்து வருவாள். வெடிமருந்து வாசனை இருந்தால் குரைக்க மாட்டாள், பிராண்ட மாட்டாள், அந்த இடத்தில் சத்தமில்லாமல் உட்காருவாள். அவள் உட்கார்ந்தால் நம்பிராஜன் வலது கையைத் தூக்குவான். அவன் கையைத் தூக்கினால் சைரன் அடிக்கும், எல்லோரும் வெளியே போக வேண்டும். அவள் உட்காருவதும் அவன் கை தூக்குவதும் அவ்வளவு பெரிய விஷயம்.

நம்பிராஜனுக்கு எல்லாம் மினுங்க வேண்டும். பெல்ட் பக்கிள், ஷூ, மீசை, நாய். தினமும் காலையில் குழாயடியில் அவளைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுவான். பிறகு தேங்காய் எண்ணெயில் கற்பூரமும் வேப்பிலையும் போட்டுக் காய்ச்சியதை உள்ளங்கையில் ஊற்றி, தலையில் ஆரம்பித்து வால் நுனிவரை சூடு பறக்கத் தேய்ப்பான். வெயில் பட்டால் நாய் கண்ணைப் பறிக்கும். கம்பெனியைப் பார்க்க வருகிற பெரிய மனிதர்கள் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்வார்கள். எங்கள் சூப்பர்வைசர் பிரவீன்குமார் நம்பிராஜன், ஸ்வீட்டி இருவரின் படத்தைத்தான் வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்திருந்தார்.

"என் பசங்களுக்கே தீவாளிக்கி தீவாளிதான் நான் எண்ணெ வெக்கிறேன். இவுளுக்கு இன்னாபா தெனிக்கும் தீவாளி?" என்று கிண்டல் செய்வேன்.

"குளிர்ச்சிக்கா. நாளெல்லாம் இந்த சிமெண்டுச் சூட்டுல நிக்கா பாருங்க" என்பான்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட பிறகுதான் ஸ்வீட்டி பாதத்தை நக்க ஆரம்பித்தாள். முதலில் முன்னங்கால், பிறகு நான்கு காலும். நக்கி நக்கி விரலிடுக்கு முடியெல்லாம் துருப்பிடித்த நிறமாகிவிட்டது. பிறகு காதைச் சொறிந்தாள், வயிற்றைச் சொறிந்தாள், சுவரில் முதுகைத் தேய்த்தாள். ஒரு வாடை வேறு வந்தது. மறந்துபோய் இரண்டு நாள் வெளியே வைத்த இட்லி மாவைத் திறந்தால் மூக்கில் அடிக்குமே, அந்த வாடை. எண்ணெய் சிக்கு அதன்மேல் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

கேட்டில் நிற்கிற ஆளுக்கெல்லாம் வைத்தியம் தெரிந்திருந்தது. லாரி டிரைவர்கள் கழிவு ஆயிலில் கந்தகம் கலந்து பூசச் சொன்னார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் ஒரு டப்பா கழிவு ஆயிலையே கொண்டுவந்து வைத்துவிட்டான். நம்பிராஜன் அதை மட்டும் தொடவில்லை, நக்கிவிடுவாள் என்று பயம். உடம்புச் சூடுதான் காரணம் என்று அவனாக முடிவு கட்டினான். சூட்டுக்கு எண்ணெய். காலையில் தேய்த்ததைச் சாயங்காலமும் தேய்த்தான். வேப்பெண்ணெயும் சேர்த்துக்கொண்டான். அவள் இன்னும் சொறிந்தாள், இவன் இன்னும் ஊற்றினான்.

அந்த நாளும் வந்தது. அவசரமாக இறக்க வேண்டிய ஒரு கண்டெய்னர் லாரி கேட்டுக்கு வந்தது. உள்ளே உற்பத்தி லைன் அதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தது. ஸ்வீட்டி முன்பக்கம் மோந்தாள், பக்கவாட்டில் போனாள், பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நம்பிராஜன் வெளுத்துப்போனான். கையைத் தூக்கினான்.

சைரன் அடித்தது பாருங்கள், எனக்குக் கை கால் ஓடவில்லை. லைனில் இருந்த பெண்கள் தலைத்தொப்பியோடு ஓடிவந்தார்கள். கேன்டீன் ஆட்கள் கரண்டியோடு வந்தார்கள். ரோட்டில் ஷேர் ஆட்டோக்கள் நின்று வேடிக்கை பார்த்தன. போலீஸ் வந்து, நிபுணர்கள் வந்து, கண்டெய்னரை ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்தார்கள். உள்ளே பிரேக் சாமானைத் தவிர ஒரு மண்ணும் இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் நாயைத் திரும்பிப் பார்த்தோம். அவள் உட்கார்ந்த இடத்திலேயே பின்னங்காலை வாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, சுகமாகக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அரிப்புக்காக உட்கார்ந்திருக்கிறாள். அதற்குப் போய் லைன் நின்றுவிட்டது.

சாயங்காலம் பிரவீன்குமார் நம்பிராஜனைக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் அன்று மேலே இருந்து வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். "இன்னா நம்பி, மானத்த வாங்கிட்டியே. மாசக் கடைசில ஹெட் ஆபீஸ்லேர்ந்து கோதண்டம் சார் வராரு. அவரு டெஸ்ட் வெப்பாரு. பாஸ் ஆவலைன்னா நாய கென்னலுக்கே திருப்பி அனுப்பிடுவாங்க. நாத்தம் புடிச்ச நாய அங்க எவன் வெச்சிக்குவான்னு எனக்குத் தெரியாது. நீ நார்மல் செக்யூரிட்டியா வந்துடு."

"பாஸாயிட்டா, சார்?"

"பாஸ் ஆனாலும் ஜனவரில ஆள் மாத்துவாங்கபா. தெரிஞ்சதுதானே."

அது ஏஜென்ஸியின் வழக்கம். ஒரே ஆளோடு நாய் ஒட்டிக்கொண்டால் அவன் லீவு போட்டால் வேலை நடக்காது என்று, ஆளை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஆகத் தோற்றாலும் பிரிய வேண்டும், ஜெயித்தாலும் கொஞ்ச நாளில் பிரிய வேண்டும். நம்பிராஜன் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தான்.

"ஆளு மாறுனா மாறட்டும்க்கா. அவ சொகமா இருந்தாப் போதும்" என்றான் என்னிடம். மதியம் வாங்கிய சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்காமல் அப்படியே கிடந்தது. பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"டாக்டராண்ட காமிச்சியா நீ?"

"இல்லக்கா."

"ஏன்?"

"நாயப் பத்தி எல்லாம் தெரியும்னு சொல்லித்தான வேலைக்கு வந்தேன். டாக்டர்கிட்ட போனேன்னா, ஒனக்குத் தெரியாதான்னு கேப்பாங்கள்லா."

அவனை எத்தனை திட்டு திட்டினேன் என்பதை அச்சில் போட முடியாது. மறுநாள் எனக்கு வார விடுமுறை. என் வீட்டுக்காரர் பழனிவேலுக்கு ஒரு குட்டியானை வண்டி இருக்கிறது. லோடு ஏற்றுகிற வண்டியில் நாயை ஏற்றச் சொன்னதற்கு அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது தனிக் கதை. ஸ்ரீபெரும்புதூர் மாட்டாஸ்பத்திரிக்கு வண்டி விட்டோம். மாடும் ஆடுமாக நின்ற வரிசையில் நாங்களும் நின்றோம். வாடையில் ஒரு ஆட்டுக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு தள்ளிப் போனார். ஆட்டுக்காரரே மூக்கைப் பிடித்தால் பார்த்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் பெயர் சத்யப்பிரியா. சின்ன வயது, நிதானமான பேச்சு. ஸ்வீட்டியின் அக்குளில் முடியை விலக்கினார். தோல் கறுத்துத் தடித்து யானைத்தோலாக ஆகியிருந்தது. காதைத் தூக்கிக் கிட்டே மூக்கை வைத்து மோந்தார். பஞ்சால் கையைத் துடைத்துக்கொண்டே, "எண்ணெய் எவ்ளோ நாளா தடவறீங்க?" என்று கேட்டார்.

"தெனமும் மேடம், ரெண்டு வேளையும்" என்றான் நம்பிராஜன். குரலில் பெருமை வேறு.

டாக்டர் செல்லோடேப்பை எடுத்தார். நான் பிள்ளைகளின் புத்தகத்துக்கு அட்டை போடுகிற அதே டேப். ஒரு துண்டு கிழித்துத் தோலில் ஒட்டி, உரித்து, கண்ணாடித் துண்டில் வைத்து, ஊதா மையில் நனைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். பார்த்துவிட்டு, "நீங்களே வந்து பாருங்க" என்றார்.

என் வாழ்க்கையில் நான் மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தது அன்றுதான். முதலில் என் இமை முடிதான் தெரிந்தது. டாக்டர் ஒரு குமிழைத் திருகினார். சட்டென்று ஊதா நிறத்தில் மணி மணியாக ஒரு கூட்டம். ஒவ்வொன்றும் இடுப்பு சிறுத்த கடலைக்காய். மூட்டை கிழிந்து கொட்டிய மாதிரி, திரும்பின பக்கமெல்லாம் அதுதான்.

"டாக்டர், உள்ள வேர்க்கடல கீது" என்றேன்.

சிரித்துவிட்டார். "ஈஸ்ட். ஒரு வகைப் பூஞ்சை. இது வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கல. எல்லா நாய்த் தோல்லயும் ஒண்ணு ரெண்டு இருக்கும், அது பாட்டுக்கு சும்மா இருக்கும். இவளுக்கு அலர்ஜி இருக்கு. தூசியா, புல்லா, உண்ணியான்னு இன்னிக்கே சொல்ல முடியாது. அலர்ஜி வந்தா தோல் கதகதன்னு ஆயிடும், ஈரமாகும், பிசுக்குக் கட்டும். ஈஸ்டுக்கு அதுதான் வேணும். பெருகிடும். பெருகினா அதுவே இன்னும் அரிப்பைக் கிளப்பும். இவ நக்குவா, ஈரமாகும், இன்னும் பெருகும்."

நம்பிராஜன் மெதுவாகக் கேட்டான். "அப்ப எண்ணெ, மேடம்?"

"எண்ணெய்ப்பசைதான் அதுக்கு சாப்பாடு."

அவன் கண்ணாடித் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ரெண்டு வேளையும் மெஸ் நடத்திக்கினு இருந்திருக்க" என்று நான் வாய்த் துடுக்காகச் சொல்லிவிட்டேன். அவன் முகத்தைப் பார்த்ததும், ஏன்டா சொன்னோம் என்று ஆகிவிட்டது. கண் நிறைந்து நின்றது.

டாக்டர்தான் சமாளித்தார். "கழிவு ஆயில் பூசாம கூட்டிட்டு வந்தீங்களே, பெரிய புண்ணியம். அதை நக்கியிருந்தா நான் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

எங்களுக்கு ஒட்டிக்கொள்ளுமா என்று கேட்டேன். சாதாரணமாக ஒட்டாது, தொட்டால் கையைக் கழுவினால் போதும் என்றார். நம்பிராஜன் வேறொன்று கேட்டான். "முழுசாப் போயிருமா மேடம்?"

"ஈஸ்ட் அடங்கும். அலர்ஜி இவ கூடவேதான் இருக்கும். விட்டுட்டீங்கன்னா அடுத்த மழைக்குத் திரும்பவும் தலை தூக்கும். பாத்துக்கிட்டே இருக்கணும்."

மாத்திரை, காதுக்குச் சொட்டு மருந்து, ஒரு ஷாம்பூ. வாரம் இரண்டு முறை குளியல். நுரையைப் போட்டதும் அலசிவிடக் கூடாது, பத்து நிமிஷம் தோலில் ஊற வேண்டும், பிறகு விரலிடுக்கு வரைக்கும் ஈரம் போகத் துடைக்க வேண்டும். அவள் படுக்கிற பழைய கோணிப்பையைத் தூக்கி எறிய வேண்டும். ஒரு சொட்டு எண்ணெய் கூடாது.

பத்து நிமிஷம் என்று சொல்வது சுலபம். நுரையோடு ஒரு லாப்ரடாரைப் பத்து நிமிஷம் நிற்க வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். உடம்பைச் சிலுப்பினாள் என்றால் கேட்டுக்கு வருகிறவர்களெல்லாம் நனைவார்கள். நம்பிராஜன் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதில் ஏதேதோ அவன் ஊர்க் கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பான். ஷிஃப்ட் முடித்து நான் துண்டோடு நிற்பேன். கேன்டீன் பெண்கள் ஜன்னலில் நின்று சிரிப்பார்கள். அங்கிருந்த பழைய எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றைக் கேட்டு வாங்கி, அதன் முன்னால் அவளை உட்காரவைத்துக் காயவைத்தோம்.

எண்ணெய் நின்றதும் முடி மங்கிவிட்டது. "இன்னாபா, நாயி சலவைக்குப் போட்ட சாக்கு மாதிரி கீது" என்றார் பிரவீன்குமார். நம்பிராஜனுக்கு அது பொறுக்கவில்லை. ஒருநாள் அவன் அறைக்குப் போனால் எண்ணெய்ப் பாட்டில் கையில்.

"கொஞ்சூண்டுக்கா. முதுகுல மட்டும். சார் வரும்போது பாக்க நல்லாயிருக்கும்லா" என்றான்.

பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். நல்ல எண்ணெய், எங்கள் தலைக்கு நன்றாகவே ஆயிற்று.

இரண்டு மூன்று வாரம் போயிருக்கும். மதிய வேளையில் நம்பிராஜன் கேட்டுக்கு வந்து, பேசாதே என்று வாயில் விரலை வைத்து என்னைக் கூப்பிட்டான். போய்ப் பார்த்தால் ஸ்வீட்டி தூங்கிக்கொண்டிருந்தாள். நக்காமல், சொறியாமல், நான்கு காலும் அசையாமல், வயிறு மட்டும் ஏறி இறங்க. வாசலில் நின்று இரண்டு பேரும் ஒரு நாய் தூங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தோம். கேட்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். எனக்கு அன்று குதிக்க வேண்டும்போல இருந்தது.

டாக்டர் மறுபடியும் டேப் ஒட்டிப் பார்த்தார். நம்பிராஜன் அரைமணி நேரம் கண்ணை எடுக்காமல் தேடினான். அங்கொன்று இங்கொன்றாகத்தான் அகப்பட்டது. வெளியே வந்து ஸ்வீட்டியைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். அவள் கனத்துக்கு அவன் விழாமல் இருந்ததே பெரிது.

பரீட்சை ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று லைன் ஓடாது, கேட் வெறிச்சென்று இருக்கும். ஆனாலும் எப்படியோ விஷயம் பரவி, லைனில் வேலை செய்துகொண்டு ஹாஸ்டலில் தங்கியிருக்கிற பிள்ளைகள் வரைக்கும் வந்து வேலியோரம் நின்றுவிட்டார்கள். கோதண்டம் சார் பட்டாளத்தில் நாய்களோடு இருந்தவர். குரலை உயர்த்த மாட்டார், சிரிக்கவும் மாட்டார். வெடிமருந்து வாசனை ஏற்றிய பஞ்சை ஒரு டப்பாவில் போட்டு முந்தின நாளே பிரவீன்குமாரிடம் அனுப்பியிருந்தார். மைதானத்தில் நின்ற வண்டிகளில் ஏதோ ஒன்றில் அதை ஒளித்து வைத்திருந்தார்கள். எதில் என்று எங்களுக்குத் தெரியாது.

கோதண்டம் சார் விதியைச் சொன்னார். "நாய் உக்காந்தா மட்டும் கணக்கு இல்ல. நீ கை தூக்குனாத்தான் கணக்கு. இல்லாத எடத்துல தூக்குனா, அத்தோட டெஸ்ட் முடிஞ்சது. ஏற்கெனவே ஒரு தடவை அப்படி ஆயிருக்கு. இன்னொரு சான்ஸ் கெடையாது."

நம்பிராஜன் வார்ப்பட்டையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினான். மைதானத்துக்குப் போகிற வழியில் ஸ்டாஃப் பைக் நிறுத்துகிற இடம். பரீட்சை வண்டிகள் இன்னும் தள்ளி இருக்கின்றன. ஸ்வீட்டி பைக் வரிசையைக் கடந்தாள், நின்றாள், திரும்பினாள். பிரவீன்குமாரின் பைக்குக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

வேலியோரம் குபீரென்று சிரிப்பு. "ஆரம்பிச்சிட்டா. அரிப்பு" என்றார் பிரவீன்குமார் தலையில் கைவைத்துக்கொண்டு.

வார்ப்பட்டையை ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டு போய்விடேன்டா என்று உள்ளுக்குள் கத்தினேன். போயிருக்கலாம். கை தூக்காதவரை அது தப்பே இல்லை. அரிப்பு என்று எல்லோரும் விட்டிருப்பார்கள்.

நம்பிராஜன் இழுக்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவள் காலைக் கடிக்கவில்லை, காதைச் சொறியவில்லை. வாயை மூடிக்கொண்டு சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பிராஜன் வலது கையைத் தூக்கினான்.

சிரிப்பு நின்றுவிட்டது. கோதண்டம் சார் கிட்டே வந்தார். "யோசிச்சுதான் தூக்குனியா?"

"ஆமா சார்."

"நாய் அரிப்புல உக்காந்திருக்கலாம்."

"அரிப்புன்னா எப்படி உக்காருவான்னு எனக்குத் தெரியும் சார். இது அது இல்ல. இவ சொல்லுதா. நான் கேக்கலைன்னா அப்புறம் யாருகிட்ட சொல்லுவா."

சீட்டைத் திறந்தார்கள். ஒரு மழைக்கோட்டு, காலி டிபன் பாக்ஸ், ஒரு துணி. டப்பா இல்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான ஒரு நிமிஷத்தை நான் பார்த்ததில்லை. நம்பிராஜன் கையை இறக்கவில்லை.

கோதண்டம் சார் அந்தத் துணியை எடுத்துப் பார்த்தார். பிறகு பிரவீன்குமாரிடம் திரும்பி, "டப்பாவ நேத்து எங்க வெச்சிருந்த?" என்று கேட்டார்.

பிரவீன்குமாரின் முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "இங்கதான் சார். சீட்டுக்கு அடியில. இந்தத் துணியிலதான் சுத்தி வெச்சிருந்தேன். காலையிலதான் எடுத்தேன்."

நான் போட்ட கூச்சலில் யூனிஃபார்ம் தொப்பி கீழே விழுந்துவிட்டது. ஹாஸ்டல் பிள்ளைகள் விசில் அடித்தார்கள். ஸ்வீட்டி எதையும் சட்டை செய்யாமல் மைதானத்துக்குப் போய், கம்பெனி பஸ்ஸின் படிக்கட்டுக்கு நேரே உட்கார்ந்தாள். டப்பா அங்கே இருந்தது.

கோதண்டம் சார் குனிந்து அவளுடைய பாதத்தைத் தூக்கி விரலிடுக்கைப் பார்த்தார், காதை மோந்தார். நிமிர்ந்து, "இந்தத் தோல் வியாதி முழுசா போயிடுச்சா?" என்று கேட்டார்.

போய்விட்டது என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது. நான் அவனைப் பார்த்துத் தலையை ஆட்டினேன், சொல்லு சொல்லு என்று.

"போகல சார்" என்றான் நம்பிராஜன். "அலர்ஜி கூடவே இருக்கும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. விட்டுட்டா மழைக்குத் திரும்ப வந்துரும். வாரம் ரெண்டு நாளு மருந்து ஷாம்பூ போட்டு ஊறவச்சிக் கழுவணும். வெரலிடுக்குல ஈரம் இருக்கக் கூடாது. எண்ணெ ஆகவே ஆகாது. சார், புதுசா வார ஆளு யாருன்னு சொன்னீங்கன்னா, நான் இப்பவே அவருக்குச் சொல்லிக் குடுத்துருவேன். ஜனவரி வரைக்கும் காத்திருக்க வேண்டாம். அவ ரொம்பச் சிலுப்புவா. மொத தடவை கஷ்டமா இருக்கும், கோவப்பட்டுறக் கூடாது."

எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. கோதண்டம் சார் பிரவீன்குமார் பக்கம் திரும்பினார்.

"ஜனவரில ஆள் மாத்தறது மத்த நாய்ங்களுக்கு. இதுக்கு வேணாம். தப்பா கழுவுனா திரும்ப நோவு வரும், நோவு வந்தா கண்ட எடத்துல உக்காரும், லைன் நிக்கும். வேலை இருக்கறவரைக்கும் இது இந்தப் பையன்கிட்டயே இருக்கட்டும். ரிடையர் ஆனா அவனே கூட்டிட்டுப் போவட்டும். நான் சொன்னேன்னு சொல்லு."

நம்பிராஜனுக்கு முதலில் புரியவில்லை. "அப்ப புது ஆளு, சார்?" என்று திரும்பவும் கேட்டான்.

"புது ஆளே கெடையாதுடா. போய் நாய்க்குத் தண்ணி வெய்" என்றார் கோதண்டம் சார்.